5 வோல்ட்டிலிருந்து ஐசோலேட்டட் 5 வோல்ட், 60 மில்லிஆம்ப்: எந்தக் கன்ட்ரோலர் சிப் எடுக்கலாம்?

#1 லாகர்_லிங்கம்

வணக்கம் நண்பர்களே. சோலார் பேட்டரி பேங்க் ஒன்றுக்கு டேட்டா லாகர் செய்துகொண்டிருக்கிறேன். பேங்க் 48 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 16 செல். ஷன்ட்டை (கரன்ட் அளக்கும் சின்ன ரெசிஸ்டர்) இன்ஸ்டால் செய்தவர்கள் பாசிட்டிவ் லைனில் போட்டுவிட்டார்கள், அதை இனி மாற்ற முடியாது. பேட்டரியின் பிஎம்எஸ்ஸில் (செல்களைக் கண்காணித்துப் பாதுகாக்கும் போர்டு) ஆர்எஸ்-485 என்ற சீரியல் டேட்டா போர்ட் ஒன்றும் உண்டு, அதையும் படிக்க வேண்டும். லாகரின் மெயின் போர்டு தனி 5 வோல்ட்டில் ஓடுகிறது, யூஎஸ்பி வழியாகக் கணினியோடும் சேரும். அதனால் பேட்டரிப் பக்கத்துக்கு ஐசோலேட்டட், அதாவது மின்சாரத் தொடர்பு இல்லாமல் பிரிந்த, 5 வோல்ட் தேவை. சும்மா இருக்கும்போது 10 மில்லிஆம்ப், ஆர்எஸ்-485 பேசும்போது 60 மில்லிஆம்ப் வரை.

கையில் யூசி3843 நிறைய இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் ரிப்பேர் செய்து பழக்கமான சிப். எம்சி34063யும் இருக்கிறது. இவற்றில் ஒன்றை வைத்து சின்னதாக ஒரு ஃப்ளைபேக் (டிரான்ஸ்பார்மர் வழியாகச் சக்தி கடத்தும் சர்க்யூட்) செய்தால் போதுமா, வேறு சிப் வாங்க வேண்டுமா?

#2 ஃபெரைட்_ராஜா

யூசி3843 உங்கள் 5 வோல்ட்டில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அது ஸ்டார்ட் ஆக 8.4 வோல்ட் வேண்டும், 7.6க்குக் கீழே இறங்கினால் படுத்துவிடும். 3842 என்றால் இன்னும் மோசம், 16 வோல்ட்.

12 வோல்ட் கொடுக்கிறேன் என்பீர்கள். சரி, கணக்குப் போடுவோம். பழைய பைபோலார் 3843 ஓடும்போது 11 மில்லிஆம்ப் அளவுக்குத் தானே தின்னும். 12 வோல்ட்டில் அது 132 மில்லிவாட். உங்கள் மொத்த அவுட்புட்டே 300 மில்லிவாட்தான். குருவி தலையில் பனங்காய். யூசிசி38சி43 என்று பைசிமாஸ் வகை இருக்கிறது, அது 2.3 மில்லிஆம்ப்தான் எடுக்கும். ஆனாலும் வெளியே மாஸ்ஃபெட், கரன்ட் சென்ஸ் ரெசிஸ்டர், ஸ்னப்பர், அந்தப் பக்கம் அவுட்புட்டைக் கண்காணிக்க டிஎல்431, அந்தத் தகவலை ஒளி வழியாக இந்தப் பக்கம் அனுப்ப ஆப்டோகப்ளர் எல்லாம் தேவைப்படும். டிஎல்431 ரெகுலேஷனில் நிற்கவே 1 மில்லிஆம்ப் வேண்டும், ஆப்டோ எல்இடிக்குத் தனியாக. உங்கள் ஐடில் லோடே 10 மில்லிஆம்ப் என்னும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு ஃபீட்பேக்குக்கே போய்விடும்.

எம்சி34063 3 வோல்ட்டிலேயே ஓடும், அது ஒரு நன்மை. ஆனால் 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, டிரான்ஸ்பார்மர் பெரிதாகும். அதற்கென்று ரெடிமேடாக விற்கும் டிரான்ஸ்பார்மரும் கிடைப்பது கடினம், நீங்களே சுற்ற வேண்டியிருக்கும்.

#3 நள்ளிரவு_பிசிபி

சிப் பேச்சுக்கு முன்னால் ஒரு கேள்வி. ஐசோலேட்டட் சப்ளை உண்மையிலேயே வேண்டுமா? ஷன்ட்டைப் படிக்க ஐஎன்ஏ228 சிப் எடுத்தால் காமன் மோட் (ஷன்ட் கிரவுண்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது) 85 வோல்ட் வரை தாங்கும். 16 செல் லித்தியம் முழு சார்ஜில் 58 வோல்ட் பக்கம்தான். பேட்டரி நெகட்டிவ்வையே கிரவுண்டாக வைத்து, பேட்டரியிலிருந்தே சின்ன பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைப்பது) ஒன்றில் 3.3 வோல்ட் எடுத்தால் பாசிட்டிவ் ஷன்ட்டையும் படிக்கலாம். லாகருக்கு வரும் டேட்டா லைனை மட்டும் டிஜிட்டல் ஐசோலேட்டரில் பிரித்தால் போதும். ஐசோலேட்டட் டிசி-டிசி சப்ளையே வேண்டாம்.

(ஐஎன்ஏ226 எடுத்துவிடாதீர்கள், அது 36 வோல்ட்தான்.)

#4 லாகர்_லிங்கம்

நல்ல யோசனை. ஆனால் பிஎம்எஸ் கட்-ஆஃப் ஆகும்போது பேங்க் டெர்மினலில் வோல்டேஜே இருக்காது. அந்த நேரத்தில்தான் பிஎம்எஸ்ஸிடம் “என்ன ஆச்சு” என்று கேட்க வேண்டும். என் ஆர்எஸ்-485 டிரைவருக்கு அப்போது சப்ளை எங்கிருந்து வரும்?

#5 நள்ளிரவு_பிசிபி

பதில் வரவில்லை என்பதே ஒரு செய்திதானே.

#6 லாகர்_லிங்கம்

கேபிள் கழன்றிருந்தாலும் பதில் வராது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் கஸ்டமர் கேட்டதே.

#7 நள்ளிரவு_பிசிபி

அப்படியென்றால் சரி, டிசி-டிசி தேவைதான். ஐஎன்ஏ228 யோசனையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிரவுண்டை பேட்டரி நெகட்டிவ்வில் வைத்தால் ஷன்ட், ஆர்எஸ்-485 இரண்டுக்கும் ஒரே ஐசோலேட்டட் சப்ளை போதும். ஷன்ட் பக்கத்தை பாசிட்டிவ்வில் மிதக்கவிட்டால் இரண்டு சப்ளை ஆகிவிடும்.

#8 மாடுல்_மணி

எதற்கு இவ்வளவு தலைவலி? பி0505எஸ் 1 வாட் மாடுல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள். நாலு பின், போட்டால் வேலை முடிந்தது. நான் வருடக்கணக்கில் ஆர்எஸ்-485 போர்டுகளில் போட்டுவருகிறேன், ஒரு புகாரும் இல்லை.

#9 ஃபெரைட்_ராஜா

மணி சொல்வது கிரவுண்ட் லூப்பை (இரண்டு கிரவுண்டுகளுக்கு நடுவே ஓடும் தேவையில்லாத கரன்ட்) உடைப்பதற்குச் சரி. நானும் போடுவேன். அதன் குணத்தைத் தெரிந்துகொண்டு போட வேண்டும், அவ்வளவுதான்.

அது ரெகுலேட் ஆகாத மாடுல். டேட்டாஷீட்டில் குறைந்தது 10 சதவீத லோடு வேண்டும் என்று இருக்கும், அதாவது 200 மில்லிஆம்ப் மாடுலுக்கு 20. லிங்கத்தின் ஐடில் லோடு அதில் பாதி. லோடு குறைந்தால் அவுட்புட் 5ஐத் தாண்டி ஏறும், 5.5 வோல்ட் வரைதான் தாங்கும் சிப்களுக்கு அது ஆபத்து. இன்புட் 5 சதவீதம் ஆடினால் அவுட்புட்டும் அதே அளவோ கொஞ்சம் கூடவோ ஆடும். பழைய வகைகளில் தொடர் ஷார்ட்டுக்குப் பாதுகாப்பும் கிடையாது.

#10 பழைய_டிரான்சிஸ்டர்

தம்பி லிங்கம், அந்த இன்வெர்ட்டர் எந்த வகை? பேட்டரிப் பக்கம் மெயின்ஸிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறதா? யாருமே இதைக் கேட்கவில்லை.

பழைய இரும்பு டிரான்ஸ்பார்மர் இன்வெர்ட்டர் என்றால் பேட்டரி தனி, கவலை இல்லை. டிரான்ஸ்பார்மர் இல்லாத வகைகளில், சில ஆன்லைன் யூபிஎஸ்களில், பேட்டரி நெகட்டிவ் 230 வோல்ட் லைனோடு மின்சார ரீதியாகச் சேர்ந்தே இருக்கும். 48 வோல்ட்தானே என்று கையை வைத்தால் அடிப்பது மெயின்ஸ். அப்படி ஒரு பேங்கில் உங்கள் லாகரின் ஐசோலேஷன் உடைந்தால் யூஎஸ்பி கேபிள் வழியாக லேப்டாப் தொடுகிறவர் கைக்கு வரும்.

#11 லாகர்_லிங்கம்

ஐயா, இன்வெர்ட்டர் மேனுவலில் தேடினேன். “பேட்டரி டெர்மினல்கள் ஏசி இன்புட்டிலிருந்து பிரிக்கப்படவில்லை” என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

#12 பழைய_டிரான்சிஸ்டர்

அப்படியானால் கேள்வியே மாறிவிட்டது. முதலில் எந்தத் தர ஐசோலேஷன் என்று முடிவு செய்யுங்கள், டிரான்ஸ்பார்மர் அதிலிருந்து வரும், சிப் அந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

மலிவு மாடுல்களில் “1000 வோல்ட் டிசி” அல்லது “1500 வோல்ட் டிசி” என்று எழுதியிருப்பது சோதனை வோல்டேஜ், ஒரு நிமிடமோ ஒரு விநாடியோ கொடுத்துப் பார்த்தது. நாள் முழுக்க 230 வோல்ட்டைத் தாங்கி மனிதனைக் காப்பாற்றும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒன்றை உடைத்துப் பாருங்கள். பல மாடுல்களில் சின்ன டொராய்டு, அதன்மேல் இரண்டு பக்கத்துச் சுற்றும் எனாமல் கம்பியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் இருப்பது எனாமல் பூச்சு மட்டும்தான்.

மனிதர் தொடும் யூஎஸ்பி ஒரு பக்கம், மெயின்ஸ் மறுபக்கம் என்றால் ரீஇன்ஃபோர்ஸ்டு ஐசோலேஷன் (பேசிக் தரத்தைவிட இரட்டிப்புக் காப்பு) வேண்டும். 250 வோல்ட் வொர்க்கிங், பொல்யூஷன் டிகிரி 2, சாதாரண பிசிபி மெட்டீரியல் என்று வைத்தால் பேசிக்குக் கிரீப்பேஜ் (போர்டின் மேற்பரப்பு வழியாக இரு பக்கத்துக்கும் உள்ள தூரம்) 2.5 மில்லிமீட்டர், ரீஇன்ஃபோர்ஸ்டுக்கு அதில் இரட்டிப்பு 5. தூசியும் ஈரமும் உள்ள பேட்டரி ரூம் என்றால் 8 மில்லிமீட்டரே விட்டுவிடுங்கள், இடம் ஒன்றும் காசில்லை.

இன்னொன்று. அந்த பேட்டரி நெகட்டிவ்வில் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டிவிடாதீர்கள்.

#13 ஃபெரைட்_ராஜா

ஐயா சொன்னதற்குப் பிறகு வேலை எளிதாகிவிட்டது. 5 வோல்ட் இன்புட், 0.3 வாட், ரெடிமேடாக 5 கிலோவோல்ட் தரத்தில் கிடைக்கும் டிரான்ஸ்பார்மர். இந்த மூன்றும் போய்ச் சேரும் இடம் புஷ்-புல் டிரைவர் சிப்கள். டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஸ்என்6501, எஸ்என்6505, மேக்ஸிமின் (இப்போது அனலாக் டிவைசஸ்) மேக்ஸ்253, மேக்ஸ்13253.

எஸ்என்6501ஐ எடுத்துப் பார்ப்போம். எஸ்ஓடி-23 பேக்கேஜ், ஐந்தே பின். உள்ளே ஒரு ஆஸிலேட்டர், 5 வோல்ட்டில் ஏறக்குறைய 410 கிலோஹெர்ட்ஸ். இரண்டு மாஸ்ஃபெட்கள் மாறி மாறி டிரான்ஸ்பார்மரின் இரு முனைகளையும் கிரவுண்டுக்கு இழுக்கும், நடு டேப்பில் உங்கள் 5 வோல்ட். ஒன்று முழுக்க அணைந்த பிறகுதான் மற்றது எரியும். ஃபீட்பேக் கிடையாது, ஆப்டோ கிடையாது. அந்தப் பக்கம் இரண்டு ஷாட்கி டையோடு, ஒரு கெபாசிட்டர், பிறகு ஒரு எல்டிஓ (வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து உறுதியாக்கும் ரெகுலேட்டர்). 5 வோல்ட் சப்ளையில் 350 மில்லிஆம்ப் வரை இழுக்கும், உங்களுக்கு 80, 90 போதும்.

டிரான்ஸ்பார்மர் எடுக்கும்போது இரண்டு எண்கள் முக்கியம்.

முதலாவது வோல்ட்-மைக்ரோசெகண்ட். ஒரு அரைச் சுழற்சியில் கோர் எவ்வளவு தாங்க வேண்டும் என்பது. மோசமான நிலையை எடுங்கள்: இன்புட் அதிகபட்சம் 5.5 வோல்ட், ஆஸிலேட்டர் குறைந்தபட்சம் 300 கிலோஹெர்ட்ஸ். 5.5ஐ 600 கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் 9.2 வோல்ட்-மைக்ரோசெகண்ட் வரும். வூர்த் எலெக்ட்ரானிக் இந்தச் சிப்புக்கென்றே 11 வோல்ட்-மைக்ரோசெகண்டில் டிரான்ஸ்பார்மர் விற்கிறது, அது சரியாக இருக்கும்.

இரண்டாவது சுற்று விகிதம். எல்டிஓ இல்லாமல் நேராக எடுத்தால் 1:1.1. எல்டிஓ வைத்து உறுதியான 5 வோல்ட் வேண்டும் என்றால் 1:1.3. 4.75 வோல்ட் இன்புட் என்று வைத்துப் பாருங்கள், 1.3ஆல் பெருக்கினால் 6.2, டையோடு 0.3 போனால் 5.9, ஸ்விட்ச் டிராப் கொஞ்சம் போக மிச்சம் எல்டிஓவுக்குத் தாராளம். 1:1.1 போட்டிருந்தால் 4.9தான் வரும், எல்டிஓவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அதே தொடரில் 2.5 கிலோவோல்ட், 5 கிலோவோல்ட் இரண்டும் உண்டு. சைஸும் விலையும் பார்த்து 2.5ஐ எடுத்துவிடாதீர்கள்.

#14 மாடுல்_மணி

டிரான்ஸ்பார்மர் ஆன்லைனில் ஒன்று வாங்கினாலே மாடுலைவிட விலை கூட, அதற்குமேல் சிப், டையோடு, எல்டிஓ. மொத்தச் செலவு மூன்று மாடுல் விலையைத் தாண்டுமே.

#15 பழைய_டிரான்சிஸ்டர்

தாண்டும். லேப்டாப் தொடுகிற கையின் விலை அதைவிடக் கூட.

#16 ஜீரோ_ஓம்

எல்லாவற்றையும் ஒரே சிப்பில் போட்டு வருகிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? யூசிசி12050: டிரான்ஸ்பார்மர் உள்ளேயே இருக்கிறது, 500 மில்லிவாட், 5 கிலோவோல்ட் ரீஇன்ஃபோர்ஸ்டு. அனலாக் டிவைசஸின் ஏடியூஎம்5000 குடும்பமும் உண்டு. வெளியே கெபாசிட்டர் மட்டும்தான்.

#17 நள்ளிரவு_பிசிபி

இடம் இல்லாத போர்டில் அது வரப்பிரசாதம். ஆனால் ஏடியூஎம்5000 முழு லோடிலேயே 33 சதவீத எஃபிஷியன்சிதான். 300 மில்லிவாட் எடுக்க 900 மில்லிவாட் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று-கோர் டிரான்ஸ்பார்மரை 180 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறார்கள். பிசிபியின் இரண்டு கிரவுண்ட் பிளேன்களும் சேர்ந்து டைபோல் ஆன்டெனா ஆகிவிடும். அதை அடக்க உள் லேயர்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஸ்டிச்சிங் கெபாசிட்டன்ஸ் செய்ய வேண்டும். இரண்டு லேயர் போர்டில் அது கனவு. யூசிசி12050 எஃபிஷியன்சியில் எவ்வளவோ பரவாயில்லை, 60 சதவீதம் வரை போகும், ஆனால் ஒரு சிப்பின் விலையைப் பாருங்கள்.

லிங்கத்தின் லாகர் கரன்ட் போனால் பேக்கப் செல்லில் ஓடுமா? அப்படியென்றால் எஃபிஷியன்சி முக்கியம்.

#18 லாகர்_லிங்கம்

ஆமாம், ஒற்றை 18650 லித்தியம் செல் பேக்கப். கரன்ட் இல்லாத நேரத்தில்தான் லாகர் கட்டாயம் ஓட வேண்டும்.

#19 நள்ளிரவு_பிசிபி

அப்போது எஸ்என்6501 வேண்டாம், எஸ்என்6505 எடுங்கள். 6501இல் எனேபிள் பின் இல்லை, சப்ளை இருக்கும்வரை ஆஸிலேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். 6505இல் எனேபிள் பின் கிடைக்கிறது. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை எழுப்பி, படித்து, அணைத்துவிடலாம். அணைந்திருக்கும்போது அது எடுப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை. கூடவே சாஃப்ட் ஸ்டார்ட், கரன்ட் லிமிட், தெர்மல் ஷட்டவுன், ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம். 6501இல் இவை எதுவும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. 6505 இரண்டு வகையில் வரும். ஏ வகை 160 கிலோஹெர்ட்ஸ், பி வகை 420. ராஜா சொன்ன 11 வோல்ட்-மைக்ரோசெகண்ட் டிரான்ஸ்பார்மர் பி வகைக்குத்தான். ஏ வகையைப் போட்டால் 5.25 வோல்ட்டில் 16 வோல்ட்-மைக்ரோசெகண்டுக்கு மேல் கேட்கும், கோர் சாச்சுரேட் ஆகும் (அதற்குமேல் காந்தம் ஏற்காது). கடையில் ஒரு எழுத்து மாறி வந்தாலும் சர்க்யூட் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், சிப் மட்டும் சூடாகும்.

#20 பேனல்_பாண்டி

இடையில் என் கேள்வியும். எனக்கு இன்புட் 24 வோல்ட் பிஎல்சி பேனல், 18 முதல் 32 வரை ஆடும். அவுட்புட் 5 வோல்ட் 300 மில்லிஆம்ப் ஐசோலேட்டட். இந்த எஸ்என் சிப் எனக்கு ஆகுமா?

#21 ஃபெரைட்_ராஜா

ஆகாது பாண்டி. புஷ்-புல் ஓபன் லூப்பில் இன்புட் எப்படி ஆடுகிறதோ அவுட்புட்டும் அப்படியே ஆடும். 18இல் 5 வோல்ட் வரும்படி சுற்றினால் 32இல் 9 வோல்ட் வரும், அதை எல்டிஓவில் எரிக்க வேண்டும். தவிர 6501, 6505 இரண்டும் 5.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எஸ்என்6507 36 வோல்ட் வரை போகும், இன்புட்டுக்கு ஏற்ப டூட்டியை மாற்றும் வசதியும் உண்டு. ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது ஆப்டோ இல்லாத ஃப்ளைபேக்.

எல்டி8301: 2.7 முதல் 42 வோல்ட் வரை இன்புட், உள்ளேயே 65 வோல்ட் 1.2 ஆம்ப் ஸ்விட்ச், ஐந்து பின். டெக்ஸஸ் பக்கம் எல்எம்5180, 4.5 முதல் 65 வோல்ட். அவுட்புட்டை அறிய இவை ப்ரைமரியில் ஸ்விட்ச் முனையின் வோல்டேஜையே பார்க்கும். டையோடு கடத்தும்போது செகண்டரி வோல்டேஜ் சுற்று விகிதத்தால் பெருகி அங்கே தெரியும். எல்டி8301இல் ஒரே ஒரு ரெசிஸ்டர்தான் அவுட்புட்டைத் தீர்மானிக்கும்: சுற்று விகிதம் பெருக்கல் அவுட்புட்டும் டையோடு டிராப்பும் சேர்ந்தது, வகுத்தல் 100 மைக்ரோஆம்ப். 3:1 டிரான்ஸ்பார்மர், 5 வோல்ட், டையோடு 0.3 என்றால் 159 கிலோஓம். பக்கத்தில் கிடைக்கும் மதிப்பைப் போட்டு, அளந்து திருத்துவதுதான் வழக்கம்.

லோடே இல்லாமல் விட்டால் அவுட்புட் ஏறும். அவுட்புட்டைப் பார்க்க வேண்டும் என்றால் அது அவ்வப்போது ஒரு முறை ஸ்விட்ச் செய்தே ஆக வேண்டும், அந்தச் சக்தி எங்காவது போக வேண்டும். சில மில்லிஆம்ப் டம்மி லோடு வையுங்கள், அல்லது ஒரு ஜீனர். உங்களுக்கு 300 மில்லிஆம்ப் என்பதால் இது பெரிய விஷயமில்லை. லிங்கத்துக்கு 10 மில்லிஆம்ப் ஐடில் என்பதால்தான் அவருக்கு இந்த ஃப்ளைபேக்கைச் சொல்லவில்லை.

#22 பேனல்_பாண்டி

ஃப்ளை-பக் என்று ஒன்று கேள்விப்பட்டேனே, எல்எம்5017?

#23 ஃபெரைட்_ராஜா

அதுவும் ஆகும், 7.5 முதல் 100 வோல்ட் வரை. சாதாரண சிங்க்ரனஸ் பக்கின் இன்டக்டர்மேல் இன்னொரு சுற்று. ப்ரைமரி அவுட்புட்டை ரெகுலேட் செய்யும், ஐசோலேட்டட் அவுட்புட் அதைப் பின்தொடரும். ப்ரைமரிப் பக்கமும் உங்களுக்கு ஒரு வோல்டேஜ் தேவையென்றால் இரண்டும் ஒரே சிப்பில் கிடைக்கும். தேவையில்லையென்றால் எல்டி8301. தனி இழை ஆரம்பியுங்கள், இங்கே லிங்கத்தின் வேலையை முடிப்போம்.

#24 ஜீரோ_ஓம்

மைக்ரோகன்ட்ரோலரிலேயே இரண்டு பிடபிள்யூஎம் பின்னை எதிரெதிராக ஓட்டி, இரண்டு சின்ன மாஸ்ஃபெட்டை வைத்துப் புஷ்-புல் செய்தால் சிப்பே வேண்டாமே?

#25 பழைய_டிரான்சிஸ்டர்

செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். புரோகிராம் ஹேங் ஆகி ஒரு பின் ஹையில் நின்றுவிட்டால்? டிபக்கரில் பிரேக்பாயின்ட் போட்டு நிறுத்தினால்? கோர் சாச்சுரேட் ஆகும், மாஸ்ஃபெட் புகையும். அப்படிச் செய்தே ஆக வேண்டும் என்றால் புஷ்-புல்லை விட்டுவிட்டு, அரைப் பாலம் கட்டி டிரான்ஸ்பார்மருக்குத் தொடரில் ஒரு கெபாசிட்டரைப் போடுங்கள். பின் எங்கே நின்றாலும் டிசி போகாது.

#26 லாகர்_லிங்கம்

எல்லோருக்கும் நன்றி. முடிவு: எஸ்என்6505 பி வகை, 5 கிலோவோல்ட் 1:1.3 டிரான்ஸ்பார்மர், எம்பிஆர்0520எல் இரண்டு, 150 மில்லிஆம்ப் எல்டிஓ. அந்தப் பக்கம் ஐஎன்ஏ228, ஆர்எஸ்-485 டிரைவர். ஐ2சி டேட்டா லைனைப் பிரிக்க ஐஎஸ்ஓ1540 கையில் இருக்கிறது, அதைப் போட்டுவிடலாம்தானே?

#27 நள்ளிரவு_பிசிபி

நில்லுங்கள். ஐஎஸ்ஓ1540 2.5 கிலோவோல்ட், பேசிக் ஐசோலேஷன், குறுகிய எஸ்ஓ-8. டிரான்ஸ்பார்மரில் 5 கிலோவோல்ட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு டேட்டா லைனில் ஓட்டை விடுகிறீர்கள். அந்தப் பக்கம் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரை வையுங்கள், ஐஎன்ஏ228ஐயும் ஆர்எஸ்-485ஐயும் அதுவே பேசட்டும். ஐசோலேஷன் தடையைத் தாண்டி யூஆர்ட் (சீரியல் டேட்டா) இரண்டு கம்பி மட்டும் வரட்டும். ஐஎஸ்ஓ7721 அகலப் பேக்கேஜ் ரீஇன்ஃபோர்ஸ்டு 5 கிலோவோல்ட், இரண்டு சேனல், எதிரெதிர் திசை. உங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது.

#28 ஃபெரைட்_ராஜா

லேஅவுட்டுக்கு இரண்டு குறிப்பு. சிப்பின் சப்ளை பின்னுக்கு ஒட்டி ஒரு 100 நானோஃபாரட், டிரான்ஸ்பார்மரின் நடு டேப்புக்கு ஒட்டி ஒரு 10 மைக்ரோஃபாரட், இரண்டும் செராமிக். டிரான்ஸ்பார்மருக்கும் ஐசோலேட்டருக்கும் அடியில் எந்த லேயரிலும் காப்பர் வரக் கூடாது, காலியாக இடம் இருக்கிறதே என்று கிரவுண்ட் ஊற்றிவிடாதீர்கள். வயரிங்குக்கு வசதியாக மவுண்டிங் ஸ்க்ரூ ஒன்றை அந்த இடைவெளியில் வைப்பவர்களும் உண்டு, உலோக ஸ்க்ரூ கிரீப்பேஜைப் பாதியாக்கிவிடும்.

#29 லாகர்_லிங்கம்

சரி, ஐஎஸ்ஓ7721 ஆர்டர் போட்டுவிட்டேன். போர்டு வந்ததும் ஹைபாட் சோதனை (உயர் வோல்டேஜ் கொடுத்துக் காப்பைப் பார்ப்பது) எப்படிச் செய்வது? 5 கிலோவோல்ட்டே கொடுக்கலாமா?

#30 பழைய_டிரான்சிஸ்டர்

வேண்டாம். சிப்பில் எழுதியிருக்கும் உச்ச எண் உங்கள் போர்டுக்கான எண் ஆகாது, போர்டுக்கு எந்த ஸ்டாண்டர்டு பொருந்துகிறதோ அது சொல்லும் அளவைக் கொடுங்கள். யூஎஸ்பி பக்கத்துப் பின்கள் எல்லாவற்றையும் ஒன்றாக ஷார்ட் செய்யுங்கள், பேட்டரிப் பக்கத்துப் பின்கள் எல்லாவற்றையும் ஒன்றாக. இரண்டு கட்டுக்கும் நடுவில்தான் வோல்டேஜ். மெதுவாக ஏற்றுங்கள், லீக்கேஜ் கரன்ட்டைப் பாருங்கள், மெதுவாக இறக்குங்கள். ஒய் கெபாசிட்டர் (தடையின் இரு பக்கத்தையும் இணைப்பது) போட்டிருந்தால் ஏசியில் அதன் கரன்ட்டும் சேர்ந்து காட்டும், அதனால் டிசியில் செய்வது நல்லது. ஒரே போர்டைத் திரும்பத் திரும்பச் சோதிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் காப்பு கொஞ்சம் தேயும். முடிந்ததும் டிஸ்சார்ஜ் செய்த பிறகே கை வைக்கவும்.

ஸ்கீமேட்டிக் முடிந்ததும் இங்கே போடு தம்பி, ஃபேப்புக்கு அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுவோம்.